மஞ்சள் போட்ட மருந்து

மருந்து தங்க வேண்டும். ராஜமேரி அக்காவுக்கு அந்த வருடங்களில் இருந்த கவலை அது ஒன்றுதான்.

இண்டூரைத் தாண்டிப் பென்னாகரம் போகிற சாலையில் கன்னியர் மடத்துக்குச் சொந்தமான ஒரு சிறிய மருந்தகம் இருந்தது. எண்பதுகளின் நடுவில் சில வருடங்கள் நான் அங்கே சிஸ்டர் பெலிசித்தாவுக்குத் தமிழிலும் இங்கிலீஷிலும் கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ராஜமேரி அக்கா அங்கே கம்பவுண்டர். பட்டம் வாங்கிய கம்பவுண்டர் இல்லை. பத்தாவது முடித்ததும் சிஸ்டர்கள் சேர்த்துக்கொண்டு மிக்சர் கலக்கவும் களிம்பு குழைக்கவும் பழக்கியிருந்தார்கள். அவளுடைய அப்பா சவரி பக்கத்து ஊரில் கேழ்வரகும் துவரையும் போடுகிறவர். கணவர் கஸ்பார் பெங்களூரில் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை. மாதம் ஒரு முறை ரயிலில் வந்து, பையிலிருந்து ரொட்டியை எடுத்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு கரு கலைந்து, அதற்குப் பிறகு உள்ளே புண்ணாகி, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். சொன்னபோது தாமதமாகிவிட்டது. இதை அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். நானும் மேலே கேட்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, மருந்தகத்துக்கு வரும் பெண்கள் வாய் திறக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிடும். எல்லோரும் போன பிறகு கடைசியாக ஒருத்தி நிற்பாள். "உடம்பு அசதிங்க" என்பாள். "இடுப்பு வலிங்க" என்பாள். ராஜமேரி அக்கா அவளைத் தடுப்புத் துணிக்குப் பின்னால் அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தி, "வெள்ளப்படுதா?" என்று கேட்பாள். அந்தப் பெண் தரையைப் பார்ப்பாள்.

மாத்திரை கொடுத்தால் பாதி நாள் சாப்பிடுவார்கள். வேப்பிலைக் கஷாயத்தால் கழுவச் சொன்னால் விடியற்காலையில் கழுவிவிட்டுக் களை வெட்டப் போய்க் குந்துவார்கள். "ஊத்துனது ஊத்துனபடியே போயிடுதுங்க" என்று வந்து சொல்வார்கள். மருந்து நல்ல மருந்துதான். தங்குவதில்லை.

அதற்கு வழி புளியில் இருந்தது. மாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் புளிதான். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, பெண்களின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்துக் காய்ச்சினால் நல்ல பசை வரும். நெசவுக்காரர்கள் பாவு நூல் விறைக்கப் போடுவார்கள். அந்தப் பசையை ஊறவைத்து வடிகட்டி, மறுபடியும் காய்ச்சி, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் ராஜமேரி அக்கா எடுத்தாள். ஆறியதும் அது நுங்கு மாதிரி வழுவழுவென்று இருந்தது. விரலால் தொட்டால் ஒட்டும். ஆனால் இழுத்தால் வலிக்காது.

மருந்தகத்தைப் பெருக்கித் துடைக்கும் குள்ளம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னா ராஜமேரி, சீலைக்குக் கஞ்சி போடறியா? எனக்கும் ஒரு கரண்டி ஊத்து. எம் புருசன் வெறப்பா நிக்கட்டும்."

"உங்க புருசனுக்கு இல்லக்கா. உங்களுக்கு."

"எனக்கா? நான் ஏற்கெனவே ஒட்டிக்கினுதான் கெடக்கறேன், அந்த வூட்டுல."

வேப்பிலைச் சாற்றையும் சோற்றுக்கற்றாழையையும் மஞ்சளையும் அந்தப் பசையில் சேர்த்தாள். சேர்த்தது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க, ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, மெல்லிய துணியில் கொஞ்சம் மருந்தை முடிந்து தொங்கவிடுவாள். பசை தண்ணியாக இருந்தால் நிறம் முழுக்க உடனே இறங்கிவிடும். கெட்டியாக இருந்தால் இறங்கவே இறங்காது. சாயங்காலம் தொங்கவிட்டது காலைப் பூசைக்குப் போகும்போதும் நூல் நூலாக நிறம் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒன்று அமைவதற்குள் ஒரு புளிக்காலம் போய் அடுத்த புளிக்காலம் வந்துவிட்டது. வியாழக்கிழமை தோறும் தருமபுரியிலிருந்து வரும் டாக்டரம்மா பார்த்தார். முதலில் ராஜமேரி அக்காவும் குள்ளம்மாளும் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா சம்மதம் சொன்னார். ஒரு கண்டிப்போடு: கர்ப்பமாக இருக்கிறவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. மாதவிலக்கு இல்லாத நாட்களில் இரத்தம் படுகிறவர்களுக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. அவர்களைத் தம்மிடம் அனுப்ப வேண்டும்.

இரவு படுக்கும்போது உள்ளே வைத்துக்கொள்ளும் அந்த மருந்துக்குப் பெண்கள் நுங்கு மருந்து என்று பேர் வைத்தார்கள்.

முதல் மாதமே ஒரு சிக்கல் வந்தது. வாங்கிப் போனவர்கள் பாதிப் பேர் திரும்ப வரவில்லை. கேட்டனுப்பினால் வேலை இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள்.

"துணி செவந்து போவுதுங்க. மாமியா பாத்துட்டு தீட்டுன்னு சொல்லி வெளியே குந்தச் சொல்லிட்டாங்க. இல்லீங்க, மருந்துங்கன்னா யாரு கேக்கறாங்க?"

ராஜமேரி அக்காவுக்குப் புரியவில்லை. மருந்து மஞ்சள்தானே. ஒரு பழைய துணியில் அதைத் தடவி, கிணற்றடிக் கல்லில் வைத்துச் சலவை சோப்புப் போட்டாள். மஞ்சள் கறை கண்ணெதிரே செக்கச் செவேலென்று மாறியது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "அட மாதாவே" என்றாள்.

எங்கள் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் மாதவிலக்கு நாட்களில் பெண்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இருக்கும். தட்டும் டம்ளரும் தனி. பால் குடிக்கிற குழந்தை என்றால் தொடலாம். ஓடியாடுகிற பிள்ளை தொட்டுவிட்டால் தலைக்கு ஊற்றித்தான் உள்ளே விடுவார்கள். அந்த வீடுகளில் ஒரு பெண்ணின் துணியில் சிவப்பு என்பது அவளுடைய பேச்சுக்கெல்லாம் மேலான சாட்சி. ராஜமேரி அக்காவின் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அவளுக்கு அது தெரிந்த விஷயம்தான், ஆனால் அவள் உடம்புக்குத் தெரிந்த விஷயமில்லை.

மஞ்சளை எடுத்துவிட்டாள். வேப்பிலையும் கற்றாழையும் மட்டும் போதும் என்று டாக்டரம்மாவும் சொன்னார். மருந்து இளம்பச்சையாக வந்தது. போன பெண்கள் திரும்பி வந்தார்கள்.

இன்னொரு தொல்லை வெயில். இரண்டு மூன்று நாளில் பசை நீர்த்துப் புளித்துவிடும். மருந்தகத்தில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஊசி மருந்து வந்த சின்னக் கண்ணாடிப் புட்டிகளைக் கொதிநீரில் போட்டெடுத்து, அவற்றில் நிரப்பி, ஈர மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, ராஜமேரி அக்காவே ஊர் ஊராக எடுத்துப் போனாள். அப்படித்தான் வீட்டு வாசல்களில் நின்று கேட்கும் வழக்கம் வந்தது. எப்படி இருக்குது, எரிச்சல் இருக்கா, நடுவுல தீட்டுப் படுதா?

தீர்த்தம்மாள் அவளுக்கு அப்படித்தான் பழக்கமானாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் மாது, மாமியார் செல்லம்மாள், மூன்று பெண்கள். மூத்தவர்கள் இரண்டு பேரும் வளர்ந்தவர்கள். கடைசிப் பெண் காவேரிக்கு ஆறு வயது. அந்த வருடம் தீர்த்தம்மாள் பெரும்பாலும் சாய்ப்பில்தான் இருந்தாள். வெள்ளைப்படுதல், வாடை. வாடை வருகிறவள் சமையல்கட்டுக்கு வரக் கூடாது என்று செல்லம்மாள் சொல்லிவிட்டாள். கெட்ட மனசுக்காரி என்று சொல்ல முடியாது. சோற்றை நேரத்துக்குக் கொண்டுவந்து வைப்பாள். ஆனால் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். காவேரி ஆயாவோடு உள்ளே படுப்பாள். அழுதுகொண்டே படுப்பாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க்கா" என்று தீர்த்தம்மாள் முதல் நாளே சொன்னாள். "அந்தக் குட்டி ராத்திரியில எங்கூடப் படுக்கணும். கால எம்மேலே போட்டாத்தான் அதுக்குத் தூக்கம் வரும். இப்ப அந்தக் கெழவி மேல போடுது. கெழவிக்கு இடுப்பு நோவுதாம்."

செல்லம்மாள் வாசலிலிருந்தே, "நோவுதுன்னு நான் சொன்னனா? ஒதைக்குதுன்னுதான் சொன்னேன்" என்றாள்.

ராஜமேரி அக்கா சிரித்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள். "நடுவுல தீட்டு ஏதாச்சும் படுதா தீர்த்தம்மா?"

மாமியார் நின்றுகொண்டிருந்தாள். மாது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க்கா" என்றாள் தீர்த்தம்மாள்.

மருந்து கேட்டது. ஒரு மாதத்தில் வாடை போய்விட்டது. செல்லம்மாளே மருமகளை மோந்து பார்க்காத குறையாக உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். அடுத்த முறை ராஜமேரி அக்கா போனபோது காவேரி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தது. அந்த நாள் மருந்தகத்துக்குத் திரும்பி வந்து, சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவள் என்னிடம் சொன்ன சொல் நினைவிருக்கிறது. "இதுக்குத்தான்."

சில வாரங்கள் போன பிறகு தீர்த்தம்மாள் ஒன்று கேட்டாள்.

"எக்கா, மொதல்ல மஞ்சப் போட்டு ஒண்ணு குடுத்தீங்களாமே. எனக்கு அதக் குடுங்களேன்."

"அது துணியெல்லாம் செவப்பாக்கும். எல்லாரும் வேணாம்னுட்டாங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. மஞ்சன்னா ஒடம்புக்கு நல்லதுதானே? எங்கத்தைகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க, மருந்துதான் செவக்குதுன்னு. நான் சொன்னா நம்பாது."

ராஜமேரி அக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. யாருக்கும் பிடிக்காத முதல் மருந்தை ஒருத்தி விரும்பிக் கேட்கிறாள். மஞ்சள் சேர்த்ததுதான் இன்னும் நல்லது என்று அவளுக்கே மனதில் ஓர் எண்ணம் இருந்தது. செல்லம்மாளைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், துணியில் மருந்தைத் தடவி, சோப்புப் போட்டு, சிவப்பதைக் காட்டினாள். கிழவி வாயில் கை வைத்தாள். "ஆத்தாடி, இதென்னாத்து மாயம்!" பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அதற்குப் பிறகு தீர்த்தம்மாளின் துணியை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவளுக்கென்று மட்டும் தனியாக மஞ்சள் போட்ட புட்டி போனது. ஓர் ஆண்டுக்கு மேல் போனது.

அதற்கு அடுத்து வந்த ஆடியில், நிலக்கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த தீர்த்தம்மாள் வரப்பில் சரிந்து விழுந்தாள். புடவை நனைந்து இரத்தம் மண்ணில் இறங்கியிருந்தது. மாதுவும் மற்றவர்களும் ஒரு கட்டிலில் போட்டுச் சாலைக்குத் தூக்கி வந்து பஸ்ஸை நிறுத்தினார்கள். தகவல் தெரிந்து ராஜமேரி அக்கா தருமபுரிக்குப் போனாள். டாக்டரம்மா உள்ளே பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கருப்பை வாயில கட்டி. புத்து. ரொம்ப நாளா இருந்திருக்கு. இவ்வளவு நாளும் இரத்தம் பட்டிருக்குமே?"

ராஜமேரி அக்கா, "இல்லைன்னு சொன்னாங்க டாக்டர்" என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்லம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ராஜமேரி அக்காவைப் பார்த்ததும் எழுந்தாள். கோபமாக இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் போலத்தான் பேசினாள்.

"நீங்க குடுக்கற மருந்துலதான் துணி செவக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தா. தெனமும் செவந்துதும்மா. நீங்களும் சோப்புப் போட்டுக் காட்டுனீங்க. நானும் நம்பிக்கினு இருந்தேன். மருந்து இல்லியா அது?"

அப்போதுதான் ராஜமேரி அக்காவுக்கு எல்லாம் தெரிந்தது. வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு, மாமியாரும் கணவனும் காது கொடுத்து நிற்கும்போது, எந்தப் பெண் ஆமாம் என்று சொல்லுவாள்? ஆமாம் என்றால் அந்த நிமிஷமே சாய்ப்பு. தடுப்புத் துணிக்குப் பின்னால் கேட்டிருந்தால் ஒருவேளை தலையைக் குனிந்திருப்பாள். மருந்து வெயிலில் கெடுகிறது என்று வாசலுக்குக் கொண்டுபோனதில் அந்தத் தடுப்புத் துணி போயிற்று. வாடை ஒன்றுதான் நோயைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை மருந்து போக்கிவிட்டது. மிச்சமிருந்த சிவப்பை மறைக்கத்தான் தீர்த்தம்மாள் மஞ்சளைக் கேட்டிருந்தாள்; அதற்கும் ராஜமேரி அக்காவே சாட்சி சொல்லிவிட்டாள்.

பெங்களூருக்கு ரயிலில் கூட்டிப் போனார்கள். கஸ்பார் ஸ்டேஷனுக்கு வந்து புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். பிறகு, வீட்டுக்கு அழைத்துப் போங்கள், வலிக்கு மருந்து தருகிறோம் என்றார்கள்.

சிஸ்டர் பெலிசித்தா நுங்கு மருந்தை நிறுத்தினார். அதுவரை வாங்கிய பெண்கள் ஒவ்வொருவரையும் டாக்டரம்மா கூப்பிட்டுப் பார்த்தார். யாருக்கும் எதுவும் இல்லை. நிறையப் பேருக்கு உண்மையாகவே குணமாகியிருந்தது. "இதோ பார் ராஜமேரி, இத்தனை பேருக்கு நல்லது நடந்திருக்கு" என்று சிஸ்டர் சொன்னார். அவள் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் செல்லம்மாள் மருந்தகத்துக்கு நடந்தே வந்தாள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தாள். உள்ளே வராமல் படியில் நின்று பேசினாள்.

"நாத்தம் தாங்கலம்மா. நான் தாங்கிக்கறேன், எனக்கென்னா. துணியெல்லாம் நான்தான் தொவைக்கறேன். அந்தக் குட்டி போயி அம்மாகிட்ட படுக்குது. செத்த நேரத்துல மூக்கப் பொத்திக்கினு எழுந்து வந்துடுது. வந்துட்டு அழுவுது. உள்ள அவ அழுவறா. அந்த மருந்து இருந்தா கொஞ்சம் குடு."

"அது வேணாம் ஆயா" என்றாள் ராஜமேரி அக்கா. "அதனாலதானே இப்படி ஆச்சு."

"ஆனது ஆயிப்போச்சு. இனிமே அது என்னா பண்ணிடப் போவுது?"

சிஸ்டர் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து கிழவிக்கு ஒரு துவாலை கொடுத்தார். அடுத்த நாள் டாக்டரம்மாவிடம் கேட்டு, மேலாகப் போடலாம், கெடுதல் இல்லை என்று வந்து சொன்னார். ராஜமேரி அக்கா புளியங்கொட்டையை வறுக்க உட்கார்ந்தாள். குள்ளம்மாள் அம்மியை நகர்த்தி அவள் பக்கத்தில் வைத்தாள்.

மஞ்சள் சேர்க்கவில்லை. தினமும் ராஜமேரி அக்காவே எடுத்துக்கொண்டு போய், அவளே வெந்நீரில் துடைத்துப் போட்டுவிட்டு வந்தாள். தீர்த்தம்மாள் இப்போது வீட்டுக்குள் நடு அறையில் கிடந்தாள். யாரும் அவளைச் சாய்ப்புக்கு அனுப்பவில்லை. வாடை முழுக்கப் போகவில்லை, ஆனால் குறைந்தது. காவேரி மறுபடியும் வந்து படுத்தது.

ஒரு மத்தியானம் ராஜமேரி அக்கா போனபோது பிள்ளை அம்மாவின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கியது. அந்தக் காலின் எடை கூடத் தாங்க முடியாத உடம்பு அது. எடுத்துவிடப் போனாள். தீர்த்தம்மாள் கண்ணால் வேண்டாம் என்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ராஜமேரி அக்கா தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டாள்.

"ஏன் தீர்த்தம்மா எங்கிட்ட சொல்லல?"

தீர்த்தம்மாள் பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

"டாக்டரம்மாகிட்ட கூட்டிப் போயிருப்பேன்."

"நான் வந்திருக்க மாட்டேன்."

"நான் இழுத்துக்கினு போயிருப்பேன்."

"அப்பவும் வந்திருக்க மாட்டேங்க்கா. புள்ளைய வுட்டுட்டு எங்க வர்றது? நீங்க எத்தினி வாட்டி கேட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளையின் காலைத் தடவிக்கொடுத்தாள்.

மார்கழி பிறந்த சில நாட்களில் அவள் இறந்துபோனாள். சிஸ்டர் மருந்தின் செய்முறையை மெட்ராஸில் ஒரு பேராசிரியருக்கு எழுதி அனுப்பச் சொன்னார். அந்தக் கடிதத்தை ராஜமேரி அக்கா சொல்லச் சொல்ல நான்தான் இங்கிலீஷில் எழுதினேன். எதையும் அவள் மறைக்கவில்லை, மஞ்சளையும் சொன்னாள். ஏன் எடுத்தோம், யாருக்கு மறுபடியும் போட்டோம் என்பதையும் சொன்னாள். பாராட்டிப் பதில் வந்தது. நேரில் வரும்படி கேட்டிருந்தார்கள். அவள் போகவில்லை. மருந்தகத்திலும் அவள் அதற்குப் பிறகு அதைக் காய்ச்சவில்லை. வியாழக்கிழமைகளில் மட்டும் விடியற்காலையிலேயே கிளம்பிப் போய், ஊருக்கு இரண்டு மூன்று பெண்களை டாக்டரம்மாவிடம் அழைத்து வருவாள். "புடிச்சிக்கினு போறதுக்கு வந்துட்டாடி" என்று அவர்கள் கதவுக்குப் பின்னால் ஒளிவார்கள். அவள் வாசலில் எதுவும் கேட்க மாட்டாள். வந்து நிற்பாள், அவ்வளவுதான். அவர்கள் கிளம்பும் வரை நிற்பாள்.

நான் வேலையை விட்டுப் போகிற வாரத்தில், தீர்த்தம்மாள் அன்றைக்குச் சொன்னதை ராஜமேரி அக்கா என்னிடம் சொன்னாள். அவள் மனதை ஆற்றுவதற்காக நான், "அவங்களே அப்படிச் சொன்னாங்களே அக்கா, வந்திருக்க மாட்டேன்னு" என்றேன்.

"சொன்னா" என்றாள். மாத்திரைகளை எண்ணிக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"வந்திருப்பா. கூப்பிட்டிருந்தா வந்திருப்பா."